கூப்பிடாத வீடு

காலையில் பதினொரு பிள்ளைகள்,
எல்லாம் நாற்பத்தைந்து நாள் கணக்கு.
பழவூர் துணை சுகாதார நிலையத்து வாசலில்
ஆடிக்காற்று அட்டைகளைப் பறித்துக்கொண்டு ஓடியது.
இரண்டு தொடையிலும் ஊசி, வலது கையில் ஒன்று,
வாயில் சொட்டு.
அரை மணி நேரம் இருந்துதான் போகணும் என்று
வாசலை மறித்து நாற்காலி போட்டேன்.
பஸ் போயிரும் சிஸ்டர் என்றார்கள்.
அடுத்த பஸ் வரும் என்றேன்.
அது மூன்று மணிக்குத்தான், எனக்கும் தெரியும்.

அட்டைக்குப் பின்னால் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.
கையெழுத்து சுமார்தான். ஏழு போட்டால்
ஒன்று போல நிற்கும்.

ஆறரைக்கு முதல் மணி. சொர்ணபாய்.
"தொடை கல்லு மாதிரி இருக்கு சிஸ்டர்,
மாமியா காப்பித்தூள் வைக்கச் சொல்லுதாவ."
காப்பித்தூளைக் காப்பியில் போடச் சொல்லு.
தேய்க்காதே, எண்ணெய் வேண்டாம்,
துணியை நனைத்துப் பிழிந்து வை.
நாவல்கொட்டை அளவுக்குக் கட்டி கொஞ்ச நாள் கிடக்கும்,
தானாகக் கரையும்.
சிவப்பு பரவிக்கொண்டே போனால் கூப்பிடு.

ஏழே காலுக்கு லீமா. பிள்ளை அனலாகக் கொதிக்கிறதாம்.
எழுதிக் கொடுத்த சொட்டு, எழுதிக் கொடுத்த அளவு;
பாசத்துக்கு என்று கூட ஒரு சொட்டு ஊற்றாதே.
கம்பளியைக் கழற்று.
ஒன்றிரண்டு நாள் சூடு இருக்கத்தான் செய்யும்,
உடம்பு பாடம் படிக்கிறது.
பால் கொடு. பால் கொடு.

எட்டரைக்கு வேம்படித்துரை, தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பன்.
பின்னால் கேட்டது பிள்ளையின் அழுகை, நல்ல தொண்டை.
முன்னால் கேட்டது அவனுடையது.
மூன்று மணி நேரம் நிறுத்தாமல் அழுதால்,
வெட்டி இழுத்தால், மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால்,
துவண்டுபோய் எழுப்பியும் எழும்பாவிட்டால்
என்னைக் கூப்பிடாதே, நூற்றெட்டைக் கூப்பிடு,
அப்புறம் என்னை.
எழுதிக்கிட்டேன் என்றான்.
எதுலப்பா எழுதின?
கையிலதான்.

பத்து மணிக்குள் பத்து வீடு.
விரல் விட்டு எண்ணினேன், பத்துதான்.
இசக்கித்தங்கம் கூப்பிடவில்லை.
பிள்ளை தூங்குகிறது என்று அர்த்தம்.
அல்லது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள்.
அழாத பிள்ளைதான் என் தூக்கத்தைக் குடிக்கும்.
அவள் நம்பருக்கு அடித்தேன். பிஸி.
மறுபடியும் பிஸி.

ஸ்கூட்டியை எடுத்தேன்.
காற்றாலைகள் இருட்டுக்குள்
சிவப்புக் கண்ணைத் திறந்து மூடின, நூறு, இருநூறு.
காற்று வண்டியைப் பனங்காட்டுப் பக்கம் சாய்த்தது.

கதவு திறந்து கிடந்தது.
பிள்ளை மார்பில். போன் காதில்.
"இந்தா, சிஸ்டரே வந்துட்டாவ, வைக்கட்டுமாண்ணே?"
யாருட்டி அது?
"நீங்க எழுதுன நம்பருதான். ஓசூரு லாரிக்கார அண்ணன்.
ராங் நம்பருன்னாவ. பிள்ள சத்தம் கேட்டதும் வைக்கல.
பால் குடிக்கானா, மூத்திரம் போனானான்னு
அவியளே மூணு மட்டம் கூப்பிட்டுட்டாவ."

தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தேன். நூறு புள்ளி நான்கு.
தொடையைத் தொட்டதும் உதைத்தான்.
உதைக்கட்டும்.

போனை வாங்கினேன். டோல்கேட் இரைச்சல்.
"வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தாம்மா பேசறேன்,
எனக்கும் ரெண்டு பொண்ணுங்க" என்றார்,
ஏதோ மன்னிப்புக் கேட்பது போல.
நான்தான் கேட்டிருக்க வேண்டும்.
பார்த்து ஓட்டுங்க என்று மட்டும் வந்தது.

வியாழக்கிழமை வீடு வீடாகப் போய்
எல்லா ஏழின் இடுப்பிலும் ஒரு கோடு போட்டேன்.
இசக்கித்தங்கம் அட்டையைத் தரவில்லை.
இது இப்படியே இருக்கட்டும் சிஸ்டர்,
உங்க நம்பரைக் கீழே எழுதுங்க என்றாள்.